நடுவழியில் ஒரு நகர்வலம்!

“சிங்கப்பூர்ல பிளேன் மாறணும். நடுவுல பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல இருக்கு. உட்கார்ந்த இடத்தை விட்டு அசையாதே. பாஸ்போர்ட்டைக் கையிலேயே வச்சுக்கோ. தூங்கிடாதே!”

திருச்சி விமான நிலைய வாசலில் என் கணவர் இதை மூன்றாவது தடவையாகச் சொன்னார். பக்கத்தில் நின்றிருந்த போலீஸ்காரரே சிரித்துவிட்டார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. வயிற்றில் புளியைக் கரைத்துக்கொண்டிருந்தது.

2024ஆம் வருஷம், ஆவணி மாதம். ஆஸ்திரேலியாவில், மெல்போர்னில் இருக்கும் என் மூத்த மகளுக்குத் தலைப்பிரசவம். கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. சின்னவளுக்குக் கல்லூரி. ஆகவே நான் தனியாகப் போயாக வேண்டிய கட்டாயம். நாற்பத்தேழு வயது வரை நான் தனியாகப் போன தூரம் தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம். அதுவும் பஸ் ஏற்றிவிட ஒருவர், அங்கே இறக்கிக்கொள்ள ஒருவர்!

புறப்படுவதற்குப் பத்து நாள் முன்பு மகள் போனில் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள். “அம்மா, சிங்கப்பூர் ஏர்போர்ட்ல அடுத்த பிளேனுக்குக் காத்திருக்கிறவங்களுக்கு இலவசமா ஊரைச் சுத்திக் காட்டறாங்க. மொத்தம் ரெண்டரை மணி நேரம். பஸ்ல கூட்டிட்டுப் போய்த் திரும்பக் கொண்டுவந்து விட்டுடுவாங்க. உன் பேரைப் பதிவு பண்ணிட்டேன். போயிட்டு வா.”

பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்த அவள் அப்பா, “அதெல்லாம் ஒண்ணும் வேண்டாம். பஸ்ஸு எங்கேயாவது நின்னுபோய் பிளேனை விட்டுட்டா என்ன பண்ணுவே?” என்றார்.

நான் மகளிடம் “சரிம்மா” என்றேன். அவரிடம் “சரிங்க” என்றேன். இரண்டு பக்கமும் சரி சொல்வது நம்மைப் போன்ற இல்லத்தரசிகளுக்குக் கைவந்த கலைதானே! ஆனால் மனசுக்குள் முடிவு பண்ணிவிட்டேன். நான் போகப் போவதில்லை.

காவல் காத்த இரண்டு மணி நேரம்

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் இறங்கியபோது அங்கே காலை ஏழு மணி. என் கைக்கடிகாரத்தில் நாலரை. நம் நாட்டைவிட சிங்கப்பூர் நேரம் இரண்டரை மணி முன்னால். ஆனால் நான் கடிகாரத்தை மாற்றவில்லை. என் கணவர் தினமும் காலை எட்டு மணிக்கு சர்க்கரை மாத்திரை போட்டுக்கொள்ள வேண்டும். நான் ஞாபகப்படுத்தாவிட்டால் மறந்துவிடுவார். அதற்காகவே நம் ஊர் நேரம் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். இந்தக் கடிகாரம் பின்னால் என்னை என்ன பாடு படுத்தியது என்பதைச் சொல்லத்தான் போகிறேன்.

பெரிய பெட்டிகள் இரண்டும் நேராக மெல்போர்னுக்குப் போய்விடும் என்று திருச்சியிலேயே சொல்லிவிட்டார்கள். கையில் ஒரு தோள்பை மட்டும். அதை மடியில் வைத்துக்கொண்டு ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். சுற்றிலும் பளபளவென்று கடைகள், தரைவிரிப்பு, பூச்செடிகள். சில பலகைகளில் தமிழ் எழுத்தைப் பார்த்ததும் கொஞ்சம் தெம்பு வந்தது. ஆனாலும் அசையவில்லை. அடுத்த வரிசை நாற்காலிக்குக்கூட மாறவில்லை.

ஒரு மணி நேரம் போனது. ஒன்றரை ஆனது. செருப்பைக் கழற்றிப் பார்த்தால் இரண்டு பாதமும் பூரி மாதிரி உப்பியிருக்கிறது! எதிரில் ஓடிய கடிகாரத்தைப் பார்த்தேன். இன்னும் பதினொரு மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது.

அப்போதுதான் பக்கத்து நாற்காலி அம்மாள் என் பக்கம் திரும்பினார். அறுபத்தைந்து வயது இருக்கும். சல்வார் கமீஸ், தலையில் முக்காடு, காலில் ஸ்போர்ட்ஸ் ஷூ. அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்குப் பஞ்சாபியும் இந்தியும் தெரியாது. தன் போர்டிங் பாஸைக் காட்டினார். அவரும் மெல்போர்ன். என் காலைச் சுட்டிக்காட்டித் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு எழுந்து நின்று, தூரத்தில் தெரிந்த ஒரு கவுண்டரைக் காட்டி, “சலோ, சலோ!” என்றார்.

அதுதான் நகர்வலத்துக்குப் பேர் கொடுக்கும் கவுண்டர். ஏற்கெனவே ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள்.

நான் ஏன் எழுந்தேன் என்று இன்று வரை எனக்கே சரியாகத் தெரியவில்லை. கால் வீக்கமா, அந்த அம்மாளின் அதட்டலா? ஒன்று மட்டும் மனசில் ஓடியது. என்னைவிட இருபது வயது மூத்தவர், என்னைவிடக் குறைவாக ஆங்கிலம் தெரிந்தவர், எழுந்து போகிறார். நான் மட்டும் ஏன் பையைக் கட்டிக்கொண்டு காவல் காக்கிறேன்? மகள் நாலு நாளாகப் படித்துப் படித்துச் சொன்னாளே!

கவுண்டரில் இருந்த பெண் என் பாஸ்போர்ட், மெல்போர்ன் போர்டிங் பாஸ், ஆஸ்திரேலிய விசாக் காகிதம் மூன்றையும் பார்த்தாள். மகள் முன்கூட்டியே இணையத்தில் நிரப்பி அனுப்பியிருந்த சிங்கப்பூர் வருகை அட்டையையும் போனில் காட்டினேன். சட்டையில் ஒட்டிக்கொள்ள ஒரு வில்லை கொடுத்து, “பத்தரைக்கு பஸ்” என்றாள். அவ்வளவுதான். காலணா கேட்கவில்லை.

கணவருக்குப் போன் செய்தேன். “எட்டு மணிக்கு மாத்திரையை மறக்காதீங்க. டப்பா ஃபிரிட்ஜ் மேலே இருக்கு” என்றேன். “எங்கே இருக்கே?” என்றார். “ஏர்போர்ட்லதான்” என்றேன். அது பொய் இல்லையே! மீதியைச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

தூங்குமூஞ்சி மரங்களும் துப்பும் சிங்கமும்

குடியேற்ற அதிகாரியிடம் பாஸ்போர்ட்டைக் காட்டி வெளியே வந்ததும் பஸ் நின்றிருந்தது. முப்பது பேர் இருப்போம். வழிகாட்டி, ஐம்பது வயது மதிக்கத்தக்க சீனப் பெண்மணி. கையில் மஞ்சள் கொடி. ஒவ்வொருவரையும் எந்த ஊர் என்று கேட்டுக்கொண்டே வந்தவர், நான் தமிழ் என்றதும் “வணக்கம்!” என்றார். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. சிங்கப்பூரில் மலாய், சீனம், ஆங்கிலத்தோடு தமிழும் ஆட்சிமொழி என்று படித்திருக்கிறேன். ஆனால் ஒரு சீனப் பெண்மணி வாயால் அந்த ஒரு வார்த்தையைக் கேட்டதில் இருந்த சந்தோஷம் புத்தகத்தில் இல்லை.

விமான நிலையச் சாலையின் இரு பக்கமும் குடை விரித்த மாதிரி பெரிய பெரிய மரங்கள். எங்கேயோ பார்த்த மரமாக இருக்கிறதே என்று உற்றுப் பார்த்தால், நம் ஊர்த் தூங்குமூஞ்சி மரம்! எங்கள் பள்ளிக்கூட வாசலில் நின்ற அதே மரம். ஆங்கிலத்தில் அதை மழை மரம் என்கிறார்கள்.

வழிகாட்டி பேசிய ஆங்கிலம் பள்ளி இறுதி வகுப்பு வரை படித்த எனக்கு முக்கால்வாசி புரிந்தது. இந்த நாடு 1965ஆம் ஆண்டு ஆகஸ்ட் 9ஆம் தேதி தனி நாடானது. முழு நாடுமே நம் தஞ்சாவூர் மாவட்டத்தைவிடச் சின்னது. இடம் போதாமல் கடலில் மண்ணைக் கொட்டித் தூர்த்து நிலம் சேர்த்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். சாங்கி விமான நிலையத்தின் ஒரு பகுதியும் அப்படிக் கடலிலிருந்து எடுத்த நிலம்தான். ஊருக்குள் ‘பீச் ரோடு’ என்று ஒரு சாலை இருக்கிறது. பேர்தான் கடற்கரைச் சாலை. கடல் இப்போது எங்கேயோ தள்ளிப் போய்விட்டது!

முதலில் இறங்கிய இடம் மெர்லயன் பூங்கா. சிங்கத் தலை, மீன் உடம்பு. வாயிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கிறது. உயரம் 8.6 மீட்டர். நம் வீட்டு மாடிக்கு மேல் இன்னொரு மாடி வைத்தால் எவ்வளவு இருக்குமோ அவ்வளவு. 1972இல் அப்போதைய பிரதமர் லீ குவான் யூ திறந்துவைத்தது. பிறகு பக்கத்தில் ஒரு பாலம் கட்டியதில் சிங்கத்தின் முகம் மறைந்துபோனதாம். அதனால் 2002இல் எழுபது டன் எடையுள்ள சிங்கத்தை அப்படியே பெயர்த்து, 120 மீட்டர் தள்ளி இப்போதிருக்கும் இடத்தில் வைத்தார்களாம். எதிர்க்கரையில் மூன்று கோபுரங்களின் தலையில் ஒரு கப்பலைத் தூக்கி வைத்த மாதிரி பெரிய ஓட்டல். பஞ்சாபி அம்மாள் சிங்கத்தின் வாய்த் தண்ணீரைத் தன் கையில் பிடிப்பது போல் போட்டோ எடுக்கச் சொன்னார். எனக்கும் எடுத்தார். என் தலை பாதி வெட்டுப்பட்டு, சிங்கம் முழுசாக வந்திருக்கிறது!

எனக்கு அங்கே சிங்கத்தைவிட அது துப்பும் தண்ணீர்தான் பெரிய விஷயமாகப் பட்டது. சிங்கத்துக்கு முன்னால் கிடப்பது கடல் என்றுதான் நினைத்தேன். இல்லையாம். ஒரு காலத்தில் கடல் நீர் புகுந்த இடம். 2008இல் கடல் வாய்க்குக் குறுக்கே ஒரு தடுப்பணை கட்டி, உப்புத் தண்ணீரை வெளியே நிறுத்திவிட்டார்கள். ஊரில் பெய்யும் மழைத் தண்ணீர் வாய்க்கால் வாய்க்காலாக இங்கே வந்து சேர்கிறது. நாளடைவில் இது நல்ல தண்ணீர் ஏரியாகிவிட்டது. குடிதண்ணீருக்குச் சுத்திகரித்து எடுக்கிறார்கள். பெருமழை பெய்தால் மதகைத் திறந்து கடலுக்கு விடுகிறார்கள். கடல் மட்டம் உயர்ந்திருக்கும் நேரமானால் பெரிய பெரிய பம்புகள் வைத்து வெளியே இறைக்கிறார்கள்.

நான் காவிரிக் கரையில் பிறந்தவள். ஒரு வருஷம் தண்ணீர் வராமல் வயல் வெடிக்கும். மறு வருஷம் கொள்ளிடத்தில் கரை புரண்டு கடலுக்குப் போகும். இரண்டையும் பார்த்து வளர்ந்த எனக்கு, நகரத்து நடுவில் மழைத் தண்ணீரைக் கட்டி வைத்திருப்பதைப் பார்த்ததும் பெருமூச்சு வந்தது. ஒரு குடம் தண்ணீரின் அருமை பெண்களுக்குத்தானே தெரியும்!

கடிகாரம் செய்த கோளாறு

அடுத்து, கடலோரத் தோட்டம். ‘கார்டன்ஸ் பை த பே’ என்று பேர். 2012இல் திறந்தது. மரம் என்று சொல்கிறார்கள், ஆனால் இரும்பும் கான்கிரீட்டும் கொண்டு கட்டிய ராட்சச மரங்கள். மொத்தம் பதினெட்டு. 25 மீட்டரிலிருந்து 50 மீட்டர் வரை உயரம். உடம்பு முழுக்க உயிருள்ள கொடிகளும் பெரணிகளும் ஆர்க்கிட் செடிகளும் வளர்த்திருக்கிறார்கள். சில மரங்களின் தலையில் சூரிய ஒளியிலிருந்து மின்சாரம் எடுக்கும் தகடுகள். அதில் கிடைக்கும் மின்சாரத்தில் ராத்திரி விளக்கு எரியுமாம்.

“பன்னிரண்டு ஐந்துக்கு எல்லாரும் பஸ்ஸுக்கு வந்துவிட வேண்டும்” என்று கொடியை ஆட்டிச் சொன்னார் வழிகாட்டி. எல்லாரும் தலையாட்டினோம்.

அண்ணாந்து பார்த்தபடியே நடந்தேன். பாத்ரூம் போய்விட்டு வந்தேன். கடிகாரத்தைப் பார்த்தால் ஒன்பது இருபத்தைந்து. இரண்டு மணி நேரம் கூட்டினால் பதினொன்று இருபத்தைந்து. ‘அட, இன்னும் நாற்பது நிமிஷம் இருக்கே!’ என்று ஒரு மரத்தடி பெஞ்சில் சாவகாசமாக உட்கார்ந்தேன். பையிலிருந்து தண்ணீர் குடித்தேன். காற்று சுகமாக இருந்தது. மகளுக்கு வலி எப்போது எடுக்குமோ, சுகப்பிரசவம் ஆக வேண்டுமே, பத்தியத்துக்கு அங்கே என்ன காய் கிடைக்குமோ என்று யோசனை எங்கெங்கோ போய்விட்டது.

கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்து பார்த்தால் நம் பஸ் ஆட்கள் ஒருவரைக்கூடக் காணோம். பஞ்சாபி அம்மாளின் முக்காடும் தெரியவில்லை. மஞ்சள் கொடியும் தெரியவில்லை. பக்கத்தில் செடிகளுக்கு மண் அணைத்துக்கொண்டிருந்த பையனிடம் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் “டைம்?” என்றேன். அவன் என் புடவையைப் பார்த்துவிட்டு, “பன்னிரண்டு பத்தும்மா” என்றான். சுத்தமான தமிழ்!

தமிழைக் கேட்டதில் சந்தோஷப்பட நேரமில்லை. தூக்கிவாரிப் போட்டது. இரண்டு மணி இல்லை, இரண்டரை மணி! அந்த அரை மணியை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டிருக்கிறேன். பஸ் எந்தப் பக்கம் நின்றது என்று தெரியவில்லை. அதன் எண்ணையும் குறித்து வைக்கவில்லை. போனை எடுத்தால் இணைப்பு இல்லை. விமான நிலையத்தின் இலவச வைஃபையை நம்பி வந்தவள் ஆயிற்றே! கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டது. அவர் சொன்னது அப்படியே காதில் ஒலித்தது. ‘உட்கார்ந்த இடத்தை விட்டு அசையாதே.’

“ஏம்மா, டூர் பஸ்ஸா? அது அந்தப் பக்கம்தான் நிக்கும். வாங்க” என்று மண்வெட்டியைச் சாய்த்துவிட்டு முன்னால் நடந்தான் அந்தப் பிள்ளை. இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. நான் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓட்டமும் நடையுமாகப் போனேன்.

“எந்த ஊரும்மா?”

“தஞ்சாவூர்ப்பா.”

“நான் மன்னார்குடி பக்கம். வந்து நாலு வருஷம் ஆச்சு.”

“அம்மா அப்பா இந்த ஊரைப் பார்த்திருக்காங்களா?”

“அப்பா இல்லை. அம்மாவுக்குப் போட்டோ அனுப்புவேன். இரும்பு மரத்துல எப்படிடா செடி முளைக்கும்னு கேக்கும்.” சிரித்தான்.

தூரத்தில் மஞ்சள் கொடி தெரிந்தது. பஸ்ஸின் கதவு திறந்திருந்தது. வாசற்படியில் ஒரு கால், தரையில் ஒரு கால் வைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தார் பஞ்சாபி அம்மாள். தான் ஏறினால்தானே கதவை மூட முடியும்! டிரைவர் கெஞ்சிக்கொண்டிருந்தார். அம்மாள் அசையவில்லை.

அந்தப் பையனுக்கு என்ன கொடுப்பது? பணம் நீட்ட மனசு கூசியது. வழிக்கென்று கட்டிக்கொண்டு வந்த கைமுறுக்குப் பொட்டலத்தை எடுத்து அவன் கையில் வைத்தேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. மூக்கின் அருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தான். “வெண்ணெய் போட்டுச் சுத்தினதாம்மா?” என்றான். தலையாட்டினேன். அதற்கு மேல் இருவருக்கும் பேச வரவில்லை. வேலைக்குத் திரும்பி ஓடினான்.

பதினைந்து நிமிஷம் எனக்காகக் காத்திருந்திருக்கிறார்கள். வழிகாட்டி ஒரு வார்த்தை கோபிக்கவில்லை. நான்தான் எல்லாரையும் பார்த்துக் கைகூப்பினேன். பஞ்சாபி அம்மாள் என்னைத் தன் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்து, விமான நிலையம் வரும் வரை என் கையை விடவே இல்லை. குழந்தையைப் பிடிக்கிற மாதிரி!

பஸ்ஸில் முதல் வேலையாகக் கடிகாரத்தைச் சிங்கப்பூர் நேரத்துக்குத் திருப்பினேன். விமான நிலையத்துக்கு வந்து சேர்ந்தபோது மணி ஒன்று. மெல்போர்ன் விமானத்துக்கு இன்னும் ஏழு மணி நேரம் பாக்கி இருந்தது. நான் பயந்த அளவுக்கு ஒன்றும் குடிமுழுகிவிடவில்லை. கால் வீக்கமும் வடிந்திருந்தது.

நீங்களும் போகலாம், இதையெல்லாம் கவனித்தால்

மகள், மருமகள் பிரசவத்துக்கென்று தனியாகக் கடல் தாண்டும் அம்மாக்கள் இன்று எத்தனையோ பேர். கைக்குழந்தையோடு கணவரிடம் போகும் இளம் தாய்மார்களும் இருக்கிறார்கள். நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

நேரம்: சாங்கியில் இந்த இலவச நகர்வலத்துக்குப் போக, இரண்டு விமானங்களுக்கும் நடுவில் குறைந்தது ஐந்தரை மணி நேரம் இருக்க வேண்டும். 24 மணி நேரத்துக்கு உள்ளும் இருக்க வேண்டும். கொரோனா காலத்தில் நின்றுபோயிருந்த இந்த ஏற்பாட்டை 2023இல் மறுபடி தொடங்கினார்கள். இணையத்தில் முன்பதிவு செய்யலாம், இடம் இருந்தால் அங்கேயே கவுண்டரிலும் பேர் கொடுக்கலாம்.

விசா: இதுதான் முக்கியம். நகர்வலம் இலவசம் என்றாலும் சிங்கப்பூருக்குள் நுழைய அனுமதி வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர்களுக்குப் பொதுவாக விசா தேவை. ஆனால் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அமெரிக்கா, கனடா, இங்கிலாந்து, ஜப்பான், ஜெர்மனி, சுவிட்சர்லாந்து இவற்றில் ஒரு நாட்டின் விசா குறைந்தது இன்னும் ஒரு மாதத்துக்குச் செல்லுபடியாகும்படி இருந்து, அந்த வழியாகப் பயணம் போகிறவர்களுக்கு 96 மணி நேரம் வரை விசா இல்லாமல் நுழையும் சலுகை உண்டு. அனுமதிப்பது குடியேற்ற அதிகாரியின் முடிவு. விதிகள் மாறக்கூடியவை. புறப்படும் முன் பிள்ளைகளை விட்டு ஒரு தடவை சரிபார்க்கச் சொல்லுங்கள். விசாவைப் போனில் மட்டும் வைத்திராமல் காகிதத்திலும் எடுத்து வையுங்கள்.

வருகை அட்டை: வந்து சேருவதற்கு மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். இதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் வலைத்தளங்களிடம் ஏமாறாதீர்கள்.

பெட்டி: பெரிய பெட்டிகள் கடைசி ஊர் வரை நேராகப் போகுமா என்று முதல் விமான நிலையத்திலேயே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். நடுவில் எடுத்து மறுபடி கொடுக்க வேண்டியிருந்தால் நேரம் அதிலேயே போய்விடும்.

கடிகாரம்: இறங்கியவுடன் அந்த ஊர் நேரத்துக்கு மாற்றுங்கள். வீட்டு மாத்திரை நேரத்துக்குப் போனில் தனியாக மணி வைத்துக்கொள்ளுங்கள். பஸ் எண்ணைக் கையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். பஸ்ஸையும் அது நிற்கும் இடத்தையும் ஒரு போட்டோ எடுத்துவிட்டால் இன்னும் நல்லது. கூட வரும் ஒருவரை முகம் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

உடம்பு: நாலு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தே பயணம் செய்தால் காலில் ரத்தம் தேங்கிக் கட்டியாக உறையும் அபாயம் கூடுகிறது. கர்ப்பிணிகள், சமீபத்தில் பிரசவித்தவர்கள், ஆபரேஷன் ஆனவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டு கிளம்ப வேண்டும். நடுவழியில் இறங்கி நடப்பது காலுக்கு நல்லது. விமானத்திலும் ஒரு மணிக்கு ஒரு தடவை பாதத்தை மேலும் கீழும் அசையுங்கள். தண்ணீர் நிறையக் குடியுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் கைப்பையில்தான் இருக்க வேண்டும். தேய்ந்த செருப்பு வேண்டாம். சிங்கப்பூரில் வெயிலும் திடீர் மழையும் சகஜம். சின்னக் குடை ஒன்று போதும்.

மூட்டு வலிக்காரர்களும், அழும் குழந்தையை வைத்திருப்பவர்களும், நேரம் குறைவாக உள்ளவர்களும் போய்த்தான் ஆக வேண்டும் என்பதில்லை. சாங்கிக்கு உள்ளேயே மூன்றாம் முனையத்தில் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா இருக்கிறது. அதற்கும் கட்டணம் இல்லை. இதே போன்ற இலவச நகர்வலம் தென்கொரியாவின் இஞ்சியோன், தைவானின் தாவ்யுவான் விமான நிலையங்களிலும், துருக்கி நாட்டு விமானத்தில் இஸ்தான்புல் வழியாகப் போகிறவர்களுக்கும் உண்டு. அங்கங்கே விசா விதி வேறு. விசாரித்துக்கொண்டு போக வேண்டும்.

பிறகு...

நான் போய்ப் பன்னிரண்டாம் நாள் மகளுக்குச் சுகப்பிரசவம். பேரன். ராத்திரி முழுக்க வலியில் இருந்தவள், நடுவில் என் கையைப் பிடித்துக்கொண்டு, “பயமா இருக்கும்மா” என்றாள். எனக்கு வேறொன்றும் சொல்லத் தோன்றவில்லை. பஸ்ஸில் அந்த அம்மாள் என் கையைப் பிடித்திருந்த மாதிரியே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மூன்று மாதம் கழித்து ஊர் திரும்பியதும் ஒரு நாள் ராத்திரி சாப்பாட்டின்போது அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கடிகாரக் கோளாறையும் மறைக்கவில்லை. திட்டு விழும் என்று எதிர்பார்த்தேன். ரசத்தை ஊற்றிக்கொண்டே கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

“அந்தப் பஞ்சாபி அம்மா போன் நம்பர் வாங்கினியா?”

வாங்கவில்லை. மெல்போர்னில் இறங்கியதும் அவர் மகன் வந்து அழைத்துப் போய்விட்டான். கூட்டத்தில் திரும்பித் திரும்பிக் கையசைத்தார். மன்னார்குடிப் பிள்ளையின் பேரைக்கூட நான் கேட்கவில்லை. அந்தக் குறை இன்றும் மனசில் இருக்கிறது.

கை கழுவிவிட்டு வந்தவர் மெதுவாகக் கேட்டார். “பேரன் பிறந்த நாளுக்கு ரெண்டு பேரும் போறப்ப, அந்த பஸ்ல என்னையும் கூட்டிட்டுப் போவியா?”

“கூட்டிட்டுப் போறேன். ஆனா ஒண்ணு, என் பக்கத்தை விட்டு அசையக் கூடாது!” என்றேன்.